படியிலிருந்து குதிக்கவிட வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கு மட்டும் இந்தக் கடிதம். போட்டி நெருங்குகிறது என்று சில வீடுகளில் மொட்டை மாடிப் படியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் சிமெண்டுத் தரையில் பிள்ளைகளைக் குதிக்கவிட்டுப் பழக்குவதாக நம் பி.டி. சார் சொன்னார். உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பள்ளியில் நாங்கள் கொடுப்பது பிளையோமெட்ரிக்ஸ் என்னும் குதிப்புப் பயிற்சி. கால் தரையில் பட்டதும் தொடையும் கெண்டைக்காலும் இழுபடும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் ரப்பர் பேண்டு மாதிரி விசையைச் சேர்த்துக்கொள்ளும். உடனே எம்பினால் அந்த விசை திரும்பக் கிடைக்கும், தயங்கினால் வீண். நன்றாகப் பழகியவர்களுக்குப் பாதம் தரையில் இருப்பது 0.25 நொடிக்கும் குறைவு. வால்ட்டில், அதாவது ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டும் பிரிவில், ஸ்பிரிங் போர்டை மிதித்து எழும்புவதெல்லாம் இதை வைத்துத்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை தீபா கர்மாகர் 0.15 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்ட அந்தப் புரொடுனோவா வால்ட்டை (காற்றில் முன்பக்கமாக இரண்டு கரணம் அடித்து இறங்குவது) நம் பிள்ளைகள் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான்.

உயரத்திலிருந்து குதித்து உடனே எம்பும் வீடியோக்களும் அதே செல்போனில் வருகின்றன. அது சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960-களில் வகுத்த முறை. அவர் சொன்ன உயரம் 75 செ.மீ. முதல் 110 செ.மீ. வரை, அதுவும் வருடக்கணக்கில் எடைப்பயிற்சி செய்து உரமேறிய வீரர்களுக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்ல. காமன்வெல்த் போட்டிகளில் 2014-லும் 2018-லும் பளுதூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் சத்துவாச்சாரி நமக்குப் பக்கத்தில்தான். எடையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்று வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிப்பதும் எடை தூக்குவதுதான்: பெரிய கரணம் அடித்து இறங்கும்போது காலில் விழும் விசை உடல் எடையைப் போலப் பத்து மடங்கைக்கூடத் தொடும். 30 கிலோ பிள்ளைக்கு அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே சார் வைத்திருக்கும் பெட்டி முழங்கால் உயரம்கூட இல்லை. கீழே தடித்த மேட். முதலில் இறங்கத்தான் பழக்குகிறார், எம்புவது அப்புறம். சில நேரம் திரும்பி நின்றுகொண்டு காதால் மட்டும் கவனிப்பார். 'தொப்'பென்று சத்தம் கேட்டால், முட்டியை மடக்காமல் விறைப்பாக இறங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுபடி செய்யச் சொல்வார். இரண்டு முட்டிகளும் உள்பக்கம் சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் குதிப்பு கிடையாது. வாரத்தில் செவ்வாய், வெள்ளி மட்டும், அதுவும் வெயில் ஏறுமுன். நடுவில் விடும் நாட்களில்தான் தசை தேறுகிறது. அந்த நாட்களில் வீட்டில் குதிக்கவிட்டால் செவ்வாய்க்கிழமை செய்ததும் போச்சு.

வலியை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தாலோ, காலையில் குதிகாலை ஊன்ற முடியாமல் நொண்டினாலோ, "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். உயரமாகும் வயதில் எலும்பின் வளரும் பகுதி இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. இழுவை முழுக்க அங்கேதான் விழும். டாக்டரிடம் காட்டுங்கள், சாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலியைச் சொன்னதற்காக யாரையும் குழுவிலிருந்து எடுக்க மாட்டோம். பிள்ளைகள் மறைப்பதே அந்தப் பயத்தில்தான்.

பயிற்சி நாளில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை போதும். கடையில் விற்கும் பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

நேரில் பார்க்க விரும்பும் பெற்றோர் வெள்ளிக்கிழமை காலை 6.30 மணிக்கு மைதானத்துக்கு வரலாம். கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, பிள்ளைக்குப் பழைய அடி, எலும்பு முறிவு ஏதாவது இருந்தால் அதையும் எழுதி, வரும் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
காட்பாடி, வேலூர் மாவட்டம்