ஐரோப்பிய ரபிகளின் கையெழுத்துக் கடிதங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். ரபிகள், அதாவது யூத மதகுருமார்கள், எழுதிய கடிதங்களில் இந்த வருடம் நாம் வாங்கியது குறைவு, வேண்டாமென்று திருப்பி அனுப்பியதுதான் அதிகம். இதைப் பற்றிச் சிலர் ஏற்கெனவே முணுமுணுத்திருக்கிறார்கள், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ப்ரெஸ்பர்க் (இன்றைய பிராட்டிஸ்லாவா) ரபி மோசஸ் சோஃபர் எழுதியதென்று ஒரு கடிதம் வந்தது. தாள், மை, மடிப்பு எல்லாம் கச்சிதம், விலையும் நம்மால் தாங்கக்கூடியது, சந்தேகமே அதில்தான் ஆரம்பித்தது. எபிரேயத் தேதியை நாட்காட்டியில் போட்டுப் பார்த்தால் சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள், அன்றைக்கு எழுதக்கூடாது. ஓய்வுநாளில் எழுதுகோலையே தொடாத மனிதர் அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாராம்! 1918 வாக்கில் உக்ரைனின் ஹெர்சோனிலிருந்து கிடைத்ததாகச் சொல்லி, ஹசிதிய பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ், அவருடைய சீடர்கள் பேரில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் வெளிவந்தனவே, அந்த இயக்கத்தின் ஒரு கிளையான லுபாவிட்ச் வட்டாரத்தினர் அவற்றை உண்மையென்று நம்பி வார்சாவில் அச்சிட்டார்கள், ஆராய்ச்சியாளர்களோ பெரும்பாலும் போலி என்றுதான் சொல்கிறார்கள். பக்தி உள்ளவனிடம் போலியை விற்பது சுலபம்.

இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. 2021-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த சமூகப் பதிவேடுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் அமெரிக்க அரசு பறிமுதல் செய்தது. ருமேனியா, ஹங்கேரி, உக்ரைன், ஸ்லோவாக்கியா யூதர்களிடமிருந்து நாஜிக் காலத்தில் பறிபோனவை அவை. ஆகவே 1939-க்கு முன் யாரிடம் இருந்தது, பிறகு எப்படிக் கை மாறியது என்று விற்பவர் சொல்ல முடியாத எதையும் வாங்குவதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. நல்ல கடிதங்கள் சில கை நழுவும், நழுவட்டும்.

வாசிப்பு வகுப்புக்குத்தான் எதிர்பாராத கூட்டம். போசென் (இன்றைய போலந்தின் போஸ்னான்) ரபி அகிவா ஐகர் 1831 காலரா சமயத்தில் எழுதிய கடிதத்தை அச்சுப் பிரதியில் படித்தோம். தொழுகைக்கு ஒரே நேரத்தில் எல்லோரும் நெருக்கியடிக்க வேண்டாம், 15 பேர் 15 பேராக விடியற்காலையிலிருந்தே முறை வைத்துக்கொள்ளுங்கள், தேவையானால் காவலரை நிறுத்திக் கூட்டத்தைத் தடுங்கள் என்கிறார். கொரோனாவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

அடுத்து கையெழுத்துப் பயிற்சி. அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) எபிரேயச் சாய்வெழுத்து பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். தேதிக்குப் பதில் அந்த வாரம் வாசிக்கும் தோரா (யூத வேதம்) பகுதியின் பெயர் இருக்கும், ஆண்டு எண்ணாக இல்லாமல் எபிரேய எழுத்துகளாக இருக்கும், ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். பெரிய ரபிகளுக்கு எழுத்தர் உண்டு. கடிதத்தின் உடல் எழுத்தர் கை, கையொப்பம் மட்டும் ரபி கை என்றால் விலையே வேறு. பிறர் கடிதத்தைப் பிரிக்காதே என்று மைன்ஸ் ரபி கெர்ஷோம் விதித்ததாகச் சொல்லப்படும் தடையைச் சுருக்கெழுத்தாக வெளிப்புறத்தில் எழுதிவைப்பதும் வழக்கம். அப்படியானால் நாம் செய்வது என்ன என்று ஒரு புது உறுப்பினர் கேட்டார். அரைமணி நேரம் வாக்குவாதம், முடிவு எட்டவில்லை.

பராமரிப்பு: இரும்புச்சத்துள்ள பழைய மை தாளை அரித்துத் தின்னும். தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேட் பேச்சே வேண்டாம். அமிலமில்லாத உறைகள் மொத்தமாக வாங்கியாயிற்று, வேண்டுபவர்கள் அடக்க விலைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

யூதப் பிரமுகர்களின் கையெழுத்துகளைச் சேகரித்த ஆப்ரகாம் ஷ்வாட்ரோன் தம் தொகுப்பை 1927-இல் ஜெருசலேம் தேசிய நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். நாமும் மூலத்தை நூலகத்தில் வைத்து ஸ்கேனை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்பது வரும் கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. என் ஓட்டு ஆம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவர் எழுந்து நிற்பதற்குள் கட்டிவிடுவது நல்லது.