கிருமி இருந்தாலே தொற்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறாத புண்ணைக் கண்டதும் ஆன்டிபயாட்டிக் எழுதித் தரும் பழக்கம் கவலை தருகிறது. திறந்த புண்ணில் பாக்டீரியா இருப்பது இயல்பு. பரிசோதனையில் கிருமி வளர்ந்ததாலேயே அது தொற்று ஆகிவிடாது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் போன்றவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நீரிழிவுப் பாதப் புண்ணில்கூட, தொற்றின் அறிகுறி இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நாள்பட்ட புண்ணிலோ கிருமிகள் பசைபோன்ற படலத்துக்குள் பதுங்கிக்கொள்கின்றன. இறந்த திசுவை அகற்றாமல் மாத்திரையை மட்டும் நம்புவது வீண்.

தேவையின்றி ஆன்டிபயாட்டிக் தருவது மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை வளர்க்கிறது. 2019இல் அவை உலகெங்கும் நேரடியாக ஏறத்தாழ 12.7 லட்சம் உயிர்களைப் பறித்ததாக மதிப்பிடப்பட்டது. எந்தக் கட்டு எந்தப் புண்ணுக்கு ஏற்றது, மருந்தை எத்தனை நாளில் நிறுத்தலாம் என்ற கேள்விகளுக்கும் தரமான ஆய்வுகள் வேண்டும். முதியவர்களையும் சிறுநீரக நோயாளிகளையும் அவற்றிலிருந்து ஒதுக்கிவிடக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்