ஆண்டறிக்கை 2023–24: செயலாளர் சமர்ப்பித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுப் பொதுக்குழுவில் நான் வாசித்த அறிக்கை, 2022 டிசம்பர் 31 அன்று மிஷிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தேசிய அரையிறுதியில் டிசியுவிடம் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 51-45 என்று தோற்றதில் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் அரையிறுதிதான், ஜார்ஜியாவிடம் 34-11. இந்த ஆண்டு நம் அணி ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று, 1997-க்குப் பிறகு முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது. இதை மன்றத்தின் பதிவேட்டில் எழுதும் பேறு என் கைக்கு வந்ததற்கு நன்றியோடு தொடங்குகிறேன்.

மன்றப் பணிகள்: செயற்குழு முறைப்படி கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்குப் புதிதாக வந்த மாணவர்களுக்கும் உறுப்பினர்களின் பெற்றோருக்கும் ஆகஸ்ட் மாதம் விளையாட்டு அறிமுக வகுப்பு நடத்தினோம். நான்கு முயற்சியில் பத்து யார்டு நகர வேண்டும் என்பதைக் கிரிக்கெட் தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அந்த வகுப்பில் ஒரு தாயார், "முன்னாடி குனிஞ்சு நிக்கிற அஞ்சு பேர் பந்தைத் தொடவே மாட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். நடுவில் நிற்கும் சென்டர் மட்டும் ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பார். மற்றபடி அந்த ஐவருக்கும் வேலை, பின்னால் ஓடிவருபவனுக்கு வழி திறப்பதுதான் என்று சொன்னேன். சீசன் முழுவதும் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது.

முதல் மூன்று ஆட்டங்களில் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா இல்லை. பல்கலைக்கழகமே அவரை விலக்கி வைத்திருந்தது. துணைப் பயிற்சியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள், வெற்றிகள் எளிதாக வந்தன. நெப்ராஸ்கா, மினசோட்டா, இண்டியானா, மிஷிகன் ஸ்டேட் எல்லாமே ஒருதலையான ஆட்டங்கள். மிஷிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 49-0 என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

உண்மையான சீசன் நவம்பரில் தொடங்கியது. எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக எழுந்த புகாரில், மிஷிகன் ஆடும் லீக்கான பிக் டென் அமைப்பு ஹார்பாவை லீக் ஆட்டங்களில் எஞ்சிய மூன்றிலிருந்தும் விலக்கியது. அந்த அறிவிப்பு பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் வந்தது. அந்தத் தண்டனை சரியா என்பதில் நம் உறுப்பினர்களிடையே இரு கருத்து இருந்தது. இரண்டும் இங்கே பதிவாகின்றன. அணியைக் கையில் எடுத்தவர் ஷெரோன் மூர். முன்வரிசை ஐவருக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவரே. நெருக்கடியில் அவர் தன் ஆட்களைத்தான் நம்பினார். அந்த ஆட்டத்தின் இரண்டாவது பாதியில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஜே. ஜே. மெக்கார்த்தியின் கணக்கில் ஒரு பாஸ்கூட ஏறவில்லை. மறுபடி மறுபடி ஓட்டம், அதே ஐவரின் முதுகுக்குப் பின்னால். 24-15. ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சி முன் மூர் அழுதபோது, நாம் கூடியிருந்த பேஸ்மெண்டிலும் பலர் கண் துடைத்தார்கள்.

அடுத்த வாரம் மேரிலாந்தை 31-24 என்று வென்றது மிஷிகனின் 1,000-ஆவது வெற்றி. கல்லூரி ஃபுட்பாலில் அந்த எண்ணை முதலில் தொட்ட அணி இதுவே.

நவம்பர் 25, ஒஹாயோ ஸ்டேட். நம் உறுப்பினர்கள் சிலர் மைதானத்திலேயே இருந்தார்கள். மற்றவர்கள் வழக்கமான இடத்தில். ஆட்டம் 17-17 என்று நின்றபோது, முன்வரிசையில் சென்டருக்கு வலப்பக்கம் நிற்கும் கார்டும் கேப்டனுமான ஸாக் ஸின்டருக்குக் கால் முறிந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்த அரங்கில் சத்தமே இல்லை. அவரை வண்டியில் கொண்டுபோன பிறகு நடந்த அடுத்த முயற்சியிலேயே, பந்தோடு ஓடுபவரான பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) போட்டார். கோரத்தின் பெயர்தான் பலகையில் வந்தது. அவரோ விரல்களால் 65 என்று காட்டினார். அது ஸின்டரின் எண். முடிவு 30-24. இந்த ஆண்டில் நான் மறக்கவே முடியாத நிமிடம் இது. அறிமுக வகுப்பில் கேட்ட அந்த அம்மாவுக்கு அன்று என்னால் இன்னும் நல்ல பதில் சொல்லியிருக்க முடியும்.

அயோவாவை 26-0 என்று வென்று லீக் பட்டம். புத்தாண்டன்று தேசிய அரையிறுதியான ரோஸ் பவுலில் அலபாமா. ஆட்டத்தின் நான்காம் கால் பகுதியில் 20-13 என்று பின்தங்கி, தோற்றால் சீசன் முடிந்தது என்ற நான்காவது முயற்சியில் மெக்கார்த்தி கோரத்துக்குக் கொடுத்த சிறு பாஸ் 27 யார்டு போனது. ஓவர்டைமில் கோரம் 17 யார்டு ஓடி டச்டவுன். அலபாமாவின் கடைசி முயற்சியை நம் தடுப்பாளர்கள் கோட்டருகே அடைத்தார்கள். 27-20.

ஜனவரி 8, ஹியூஸ்டனில் இறுதியாட்டம். எதிரே இருந்த வாஷிங்டனும் அதுவரை தோற்காத அணி. நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை அந்த ஆண்டு பெற்றதும் அதுவே. 2021, 2022 ஆண்டுகளில் அந்த விருது மிஷிகனிடம் இருந்தது. ஸின்டர் இல்லாமலும் நம் முன்வரிசை அன்று 303 யார்டு ஓட்டத்துக்கு வழி திறந்தது. டோனோவன் எட்வர்ட்ஸ் 41, 46 யார்டு ஓடி இரண்டு டச்டவுன்; கோரம் 134 யார்டு, இரண்டு டச்டவுன். 34-13.

ஹார்பா தொழில்முறை அணியான லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். ஷெரோன் மூர் 2024 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளரானார். மிஷிகன் ஃபுட்பாலில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அவருக்கு மன்றத்தின் சார்பில் வாழ்த்துக் கடிதம் அனுப்ப ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன்.

சீசன் முழுவதும் வீட்டைத் திறந்துவைத்த உறுப்பினர் குடும்பங்களுக்கும், நாற்காலி தூக்கி, ஆட்டம் முடிந்தபின் இடத்தைச் சுத்தம் செய்த இளைஞர்களுக்கும் நன்றி. அவர்கள் பெயர்களை நிறைவு விழாவில் தனித்தனியே வாசிப்போம்.

அடுத்த சீசன் 2024 ஆகஸ்ட் 31 அன்று ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுடன் நம் மைதானத்தில் தொடங்குகிறது. செப்டம்பர் 7 அன்று டெக்சஸ் வருகிறது. அறிமுக வகுப்பு அதற்கு முன்பே நடக்கும். இந்த முறை முதல் பாடம் அந்த ஐவரைப் பற்றியது.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்