மாலாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

ஞாயிறு இரவு

அன்புள்ள மாலா,

கிரகப்பிரவேசத்துக்கும் வரவில்லை, போனும் பண்ணவில்லை. ஆசை தீரத் திட்டிக்கொள். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய புடவையை ஆயா தெரு முழுக்கக் காட்டியாயிற்று. நம் வகுப்பு மூன்றாவது பெஞ்ச் பையன் இப்போது வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். உன்னை விசாரித்தான். நம்பர் கொடுக்கவில்லை, பயப்படாதே.

சரி, விஷயம் இதுதான்: மருந்தை உள்ளே அடைக்கிற என் குட்டிக் கேப்சூல் வந்துவிட்டதடி!

போன தடவை "சோப்பு நுரைதானே விடுகிறாய்" என்றாயே, நுரை இல்லை. நடுவில் மருந்து கலந்த தண்ணீர், அதைச் சுற்றி எத்தில் அசிடேட் என்ற, சீக்கிரம் ஆவியாகிற கரைப்பானில் கரைத்த பி.எல்.ஜி.ஏ. என்கிற பிளாஸ்டிக் மாதிரிப் பாலிமர், அதற்கும் வெளியே, சொட்டுகள் ஒன்றோடொன்று சேராமலிருக்க பி.வி.ஏ. என்ற பொருளைக் கரைத்த தண்ணீர். நுனியை முடியைவிட மெல்லிசாக இழுத்த கண்ணாடிக் குழாயில் மூன்றும் சந்திக்கிற இடத்தில், சொட்டுக்குள் சொட்டாக அறுந்து விழும். விநாடிக்கு ஐந்நூறு, ஒவ்வொன்றும் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எத்தில் அசிடேட் போனதும் பாலிமர் இறுகி ஓடாகிவிடும். ஹார்வர்டில் டேவிட் வெய்ட்ஸ் என்ற இயற்பியலாளரின் குழு 2005-இலேயே இப்படி இரட்டைச் சொட்டு செய்து காட்டிவிட்டது. ஆனால் என் கையால் வருவதைப் பார்ப்பது வேறு.

பி.எல்.ஜி.ஏ. உடம்பில் மெல்லக் கரைந்து போகிற பாலிமர். மாதம் ஒரு ஊசி போதும் என்கிற லூப்ரோலைடு என்ற புரோஸ்டேட் புற்றுநோய் மருந்து இதில்தான் 1989-இல் வந்தது. எல்லாச் சொட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் நம் கணக்கு டீச்சர் சொன்னதுதான்: விட்டம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு. ஒரு கேப்சூலின் விட்டம் இரண்டு மடங்காகிவிட்டால் அதில் எட்டு கேப்சூல் மருந்து. அம்மா மாத்திரை டப்பாவைத் திறக்கிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடும்.

ஒரு மாதம் குழாய் அடைப்பிலேயே போயிற்று. வெளித் தண்ணீர் எத்தில் அசிடேட்டை உறிஞ்சிக்கொண்டதில், நுனியிலேயே பாலிமர் தோல் கட்டியது. தண்ணீரில் முன்கூட்டியே எத்தில் அசிடேட்டைக் கலந்து வைத்தேன், நின்றது. செவ்வாய்க்கிழமை வரிசை வரிசையாக முத்து மாதிரி விழுந்தன. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஓடு இறுகட்டும் என்று தட்டைத் திறந்து ஃபேனுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், காற்றிறங்கிய பந்து மாதிரி எல்லாம் ஒரு பக்கம் குழிந்து கிடக்கின்றன. அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனேன். ஆயா காசிமேட்டில் வாங்கி வந்த வஞ்சிரத்தைக் கீறி, கல் உப்புப் போட்டு அன்னக்கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் போட்ட கூடையின் அடியில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மீன் தசை இறுகிக் கிடந்தது. அப்போதுதான் புரிந்தது: என் கேப்சூலுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. உள்ளே சர்க்கரை போட்டிருந்தேன், அதற்குச் சமமாக வெளித் தண்ணீரில் உப்பு. ஃபேன் காற்றில் வெளித் தண்ணீர் வற்றி உப்பு ஏறியிருக்கிறது. ஓடு இறுகுவதற்குள் உள்ளே இருந்த தண்ணீரை அது இழுத்துவிட்டது. இந்தத் தடவை தட்டை எடை போட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரவு முழுக்க மணிக்கு ஒரு முறை. மூன்று தட்டில் இரண்டு உருண்டையாகவே இருக்கின்றன.

மூன்றாவதில் அளவு சீராக இல்லை. அதுதான் இப்போது என்னை அரிக்கிறது. திரவத்தைக் குழாய்க்குள் தள்ளுகிற சிரிஞ்ச் பம்பின் மோட்டார் படிப்படியாகத் தள்ளுகிறது, ஒவ்வொரு தள்ளலுக்கும் சொட்டு துளி பெரிதாகிறது. அதைவிடப் பெரிய கவலை, மணிக்கு ஒரு மில்லிலிட்டர்கூடத் தேறுவதில்லை. வேறு பம்ப் கேட்டால் பணமில்லை என்கிறார்கள்.

நீ கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாய். கிணற்றுத் தண்ணீர் ஏற்றுகிறவர்களிடம் போய்க் கேட்கிறேனே என்று சிரிக்காதே. காற்றழுத்தம் வைத்துத் துடிப்பில்லாமல் தள்ளுகிற மாதிரி ஒரு ரெகுலேட்டர், பழையதானாலும் பரவாயில்லை, உங்கள் டெஸ்டிங் பிரிவில் கிடைக்குமா? அழுத்தம் ஒரு பார் தாண்டாது. புதன்கிழமைக்குள் சொல்லடி, வியாழன் மறுபடி ஓட்டுகிறேன்.

உன்
தேவி