படுக்கை போட்டால்தான் செல்லும் அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும் நீலகிரி மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பந்தலூர் வட்டத்தில் முக்கால் ஏக்கர் தேயிலையை நம்பிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. உங்கள் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது. ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது அந்த அட்டைதான் எங்களைக் கரையேற்றியது. அந்த நன்றி மறக்கவில்லை. ஆனால் என் மகனுக்கு டாக்டர் சொன்ன பேச்சு சிகிச்சைக்கு அதே அட்டை செல்லவில்லை. நன்றி இருப்பதால்தான் திட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வருடம் பலாப்பழ சீசனில் ஒரு ராத்திரி, யானை வந்து எங்கள் சமையலறைச் சுவரை இடித்தது. அரிசி மூட்டை அங்கேதான் இருந்தது. அந்தச் சுவரை ஒட்டி என் மகன் பாயில் படுத்திருந்தான். வயது 12. ஒரு கல்கூட அவன்மேல் விழவில்லை. ஓட்டை வழியாகத் தும்பிக்கை மட்டும் உள்ளே வந்து, அவன் தலைமாட்டில் இருந்த அரிசியைத் துழாவித் துழாவி எடுத்திருக்கிறது. மூட்டை காலியாகும் வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறான். நாங்கள் விளக்கைப் போட்டபோது அவன் முகத்தில் உமித் தூசி ஒட்டியிருந்தது.

மறுநாள் வனத்துறை ஆட்கள் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள், சுவரின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்தார்கள். இழப்பீடு வந்தது, சுவரையும் கட்டிவிட்டோம்.

பையன்தான் இன்னும் படுக்கவில்லை. பேச்சுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே படுப்பதில்லை. பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடிதான் கண்ணயர்கிறான். பக்கத்து வீட்டில் பலாப்பழம் வெட்டினால் வாந்தி எடுக்கிறான். மந்திரித்தோம், கயிறு கட்டினோம். அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே மனநல மருத்துவர் பொறுமையாகவே பார்த்தார். "இவனுக்கு மாத்திரை முக்கியமில்லைம்மா. உட்கார வச்சுப் பேசணும். வாரம் ஒருதடவை, பத்துப் பன்னிரண்டு தடவையாவது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருத்தரைப் பாருங்க" என்றார்.

மனநல மருத்துவர் வேறு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்து, மருந்து எழுதுகிறவர். சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, அதற்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலிங் என்று போர்டு போட்ட எல்லோரும் அந்தப் பதிவில் இருப்பதில்லை. இதெல்லாம் தெரிந்த பிறகு தேடுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஒரு மாதம் போனும் கையுமாக இருந்தேன். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆள் கிடைத்தார். காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளும் மருத்துவமனைதான். வாசலிலேயே போர்டு இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்மிஷன் இருக்காக்கா? இருந்தா கார்டைப் பத்திப் பேசலாம். சும்மா பேசிட்டுப் போறதுக்கு கார்டு செல்லாது" என்றாள். அவள்மேல் தப்பில்லை, இருக்கிற விதியைத்தான் சொன்னாள். ஆனால் படுக்கவே பயப்படுகிற பையனை, படுக்க வைத்தால்தான் பணம் என்றால் நான் என்ன செய்ய?

கையிலிருந்து கொடுத்தால் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய்ச் சொச்சம் விற்கிற நாளில் அது 40 கிலோவுக்கு மேல். கூடலூர் போய், அங்கிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலை ஏறி, மறுபடி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கோவை சேர வேண்டும். ஒரே நாளில் திரும்பினால் இருட்டிய பிறகு எங்கள் பாதையில் நடக்க வேண்டும். அதுவும் எந்தப் பயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனோமோ அதே பயத்தோடு. மூன்று தடவை போனோம், நிறுத்திவிட்டோம்.

பத்தேரி பக்கம்தானே, கேரளாவில் பாருங்கள் என்கிறார்கள். பையனுக்கு மலையாளம் புரியும், கடையில் சாமான் வாங்குவான். அந்த ராத்திரியை மலையாளத்தில் சொல்ல அவனுக்கு வரவில்லை. போனிலேயே மனநல ஆலோசனை சொல்லும் அரசின் 14416 டெலி மானஸ் எண்ணும் தெரியும். நல்ல சேவை, எனக்கே ஒரு ராத்திரி ஆறுதலாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும். இருட்டிய பிறகு மேட்டுக்கு அவன் வருவானா?

சரி, விதி அப்படி, என்ன செய்வது என்று விட்டிருப்பேன். ஆனால் இதே திட்டம் டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கிறது. எங்கள் ஊரிலேயே ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடவை போய், சில மணி நேரம் இருந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். எத்தனை தடவை என்று எண்ணிப் பணம் கட்டுகிற கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கணக்கில் மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த பன்னிரண்டு பேச்சு சிகிச்சையைச் சேர்க்க எது தடுக்கிறது?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை ஒரு வக்கீல் தம்பி எனக்குப் படித்துக் காட்டினார். 21ஆவது பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. 18ஆவது பிரிவு குழந்தைகளுக்கான மனநல சேவையையும் அரசின் கடமையில் சேர்க்கிறது. குறைந்தபட்ச சேவைகள் அரசிடம் இல்லையென்றால் மாவட்டத்துக்குள் வேறு எங்காவது சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம், செலவை அரசு ஏற்கும் என்றும் அதில் இருக்கிறது. மாவட்டத்துக்குள் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மூலையிலிருந்து பார்த்தால் மாவட்டத் தலைநகரைவிட அடுத்த மாநிலம் பக்கம். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் திறந்தீர்கள். சந்தோஷம். எனக்கு எழுநூற்றில் ஒன்றுகூட வேண்டாம், இரண்டு நாற்காலி போதும்.

ஒன்று கூடலூர் அரசு மருத்துவமனையில், இல்லையென்றால் பந்தலூரில், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வந்து உட்கார வேண்டும். ஆள் மாறக் கூடாது. முதல் தடவை போனபோது பையன் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவைதான் உமித் தூசியைப் பற்றி வாய் திறந்தான். ஒவ்வொரு தடவையும் புது முகம் என்றால் முதல் தடவையிலேயே நிற்போம். தமிழ் தெரிந்தவராக இருக்கட்டும். படுகர், பணியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரவர் பேச்சு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அதுவரைக்கும், தனியாரிடம் போகிறவர்களுக்கு அட்டையைச் செல்ல வையுங்கள். எந்த மருத்துவமனையில் பதிவு பெற்ற சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், அவரைப் பார்க்க அட்டை செல்லுமா செல்லாதா என்று தாலுகா வாரியாக ஒரு தாளில் எழுதி ரேஷன் கடையில் ஒட்டுங்கள். செல்லாது என்றால் செல்லாது என்றே எழுதுங்கள். கோவை வரை போய்க் கவுன்ட்டரில் தெரிந்துகொள்ள வேண்டாம் அல்லவா.

பலா இந்த வருடமும் பிஞ்சு விட்டுவிட்டது. பழுக்கும் முன்னால் பதில் போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்திலிருந்து ஒரு தாய்