பேக்கப் இருக்கிறது, எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் சில பனியன் யூனிட்டுகளுக்குப் பகுதி நேரமாக டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். கணக்குக்கு பேக்கப், அதாவது மாற்று நகல், இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் முதலாளி யாருமில்லை. எங்கே என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். பெரும்பாலும் அதே கம்ப்யூட்டரின் 'டி' டிரைவ். சி, டி என்று பிரித்திருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க். போனால் இரண்டும் சேர்ந்தே போகும். கொஞ்சம் விவரமானவர்கள் பென் டிரைவில் எடுக்கிறார்கள். ஆனால் அதைக் கழற்றுவதே இல்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும்.

போன தீபாவளிக்கு முன் ஒரு தையல் யூனிட்டில் டிஸ்க் போய்விட்டது. தைக்கும் பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆட்களின் வருஷக் கூலி தெரியாமல் போனஸ் எப்படிப் போடுவது? கான்ட்ராக்டர்களின் நோட்டுகளை வாங்கி, எண்ணெய்க் கறைக்கு நடுவே எண்களைத் தேடி ஒரு மாதிரி போட்டார்கள். குறைந்து போனவர்கள் சும்மா இருப்பார்களா? யூனிட் வாசலில் ஒரே சத்தம்.

பெரிய இடத்திலும் இதுதான் கதை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தது. யூ.பி.எஸ். பேட்டரியில் பிடித்த தீ. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வெளியே நகல் இல்லை.

கணக்குகளைத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. அது கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்களுக்கு மட்டும். தனிநபர், பார்ட்னர்ஷிப் யூனிட்டுகளுக்குப் பொருந்தாது. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. பத்திரப்படுத்துவது அவரவர் பாடு.

முதலாளிகள் யார் பேச்சையும் கேட்காவிட்டாலும் ஆடிட்டர் பேச்சைக் கேட்பார்கள். ஆண்டு ரிட்டர்னுக்குக் கணக்கு வரும்போது, பேக்கப்பைத் தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அதாவது திரும்ப ஏற்றி, ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிப் பட்டியல்) ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர்கள் பார்க்கட்டும். அதிக நேரம் பிடிக்காது. திறக்க முடியாத பேக்கப்பை அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம், அந்த பென் டிரைவில் பார்ட்டிகளின் பாக்கி முதல் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண் வரை இருக்கிறது. டேலியிலேயே பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட வசதி உண்டு. அதைச் செய்யாமல், டீ வாங்கப் போகும் பையனிடம் ஆடிட்டர் ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவதையாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

பகுதி நேரக் கணக்காளர்,
திருப்பூர்.