கானாடுகாத்தானில் இரண்டு ராத்திரி

பாப்பா,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு நகை வேண்டாம், செட்டிநாட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள் என்று நீ அறை எடுத்துக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. பழைய வீட்டில் படுத்து எழ இவ்வளவு பணமா என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். திண்ணை ஏறி வாசலில் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கதவுக்குள் கதவாகப் போய், கடைசியில் அடுத்த தெருவின் வெளிச்சம் தெரிகிறது. தூணெல்லாம் பர்மா தேக்கு. அப்பா ஒன்றைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையும் சேரவில்லை. சுவரில் கன்னத்தை வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய சுவராம். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். அதைச் சூளையில் சுடுவதே இல்லை, கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றிச் செய்து தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள்.

வளவைச் சுற்றி வரிசையாகச் சின்ன அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த பிறகு, இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள் பலருக்கு அங்கே போட்ட பணம் திரும்பவில்லை. கட்டிக் காக்க முடியாமல் எத்தனையோ வீடுகளை இடித்துவிட்டார்கள். காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் அந்தக் கதவுகளும் தூண்களும் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஆள் தங்கி, அடுப்பு எரிகிற வீட்டுக்கு நீ கொடுத்த பணம் போனது சரிதான் கண்ணு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இலை போட்டதும் நான் வழக்கம்போல் பரிமாற எழுந்தேன். அடுப்படி ஆச்சி தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டார். அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் ஒரே நேரத்தில், சூடாகச் சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைத்த வெண்டைக்காய் மண்டி, உப்புக்கறி, நண்டு ரசம், கடைசியில் தேங்காய்ப்பூ போட்ட கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு. ஓட்டல்களில் செட்டிநாடு என்று ஊற்றும் சிவப்பு எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மசாலாவில் போடும் கல்பாசியின் வாசனைதான் முதலில் வருகிறது, காரம் அப்புறம்தான்.

மறுநாள் காலையில் அடுப்படியிலேயே நின்று வெள்ளைப் பணியாரம் கற்றுக்கொண்டேன். குறித்துக்கொள். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து உப்புப் போட்டு, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் பூ மாதிரி மேலே எழும்பி வருகிறது. திருப்பிவிட்டு, சிவக்கும் முன் எடுத்துவிடு. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

நீ லீவுக்கு வரும்போது மூன்று பேருமாகப் போகலாம். தேதியை முன்னாடியே சொல்லிவிடு. கவுனி அரிசி ராத்திரியே ஊற வேண்டும், ஆச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா